கடுவனா, பெட்டையா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது)

பூனைக்குட்டி கேட்டு வருகிறவர்கள் திண்ணையில் உட்காரும் முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடுவனா, பெட்டையா?" என்பதே அது. கடுவன் என்றால் அவர்கள் முகம் மலர்கிறது. பெட்டை என்றால், "சரி, பிறகு வருகிறோம்" என்று எழுந்து விடுகிறார்கள். பிறகு வருவதில்லை. இவ்வாறு யாருக்கும் வேண்டாமற் போன பெட்டைக் குட்டிகள் கோணிப்பையில் ஏறி மீன் அங்காடிப் பக்கம் போய்ச் சேர்வதை நாகையில் வாழும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். "அங்கே மீன் கிடைக்கும், எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்பது கொண்டு விடுகிறவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

அந்த ஆறுதலில் உண்மை உண்டா என்று பார்ப்போம். ஒரு மாதக் குட்டிக்கு மீனைக் கடித்துத் தின்னும் வலிமை கிடையாது. அது இன்னும் தாய்ப்பாலை நம்பி இருப்பது. வளர்ந்த பூனைக்கும் ஆண்டு முழுவதும் அங்கே மீன் கிடைப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை என்பதை மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சொல்லாமலே அறிவார்கள். அந்நாட்களில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஏலக்கூடத்தில் கூச்சல் அடங்கிவிடும். கழிவு மீனை நம்பி வாழும் பூனைகள் விலா எலும்பு தெரிய அலையும். பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாது. ஒரு கிலோ மத்தி வாங்கவும் அது காணாது என்பது வேறு செய்தி.

பெட்டையை வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே. அது குட்டி போடும், போட்டுக்கொண்டே இருக்கும். காரணம் பொய்யன்று. ஆனால் அதற்கு மாற்று இருக்கிறது. அம்மாற்றைத் தக்க காலத்தில் செய்ய வேண்டுமானால், கையில் இருப்பது எது என்பதை முதலில் பிழையின்றி அறிய வேண்டும். ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சிறு செய்தி. தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்கள் வகுக்கப்பட்டுள்ளன. வெருகு எனப்படும் பூனை இனத்தின் இளமைக்குக் 'குட்டி' என்ற பெயர் உரியது என்கிறது அந்நூல். எலிக்கும் அணிலுக்கும்கூட அதே பெயர்தான். பூனையும் எலியும் ஒரே பெயரைப் பங்கிட்டுக்கொண்டது வேடிக்கை அல்லவா? 'கடுவன்' என்பது அங்கே ஆண் குரங்கின் பெயர். நம் பக்கத்தில் ஆண் பூனைக்கும் அதுவே பெயராயிற்று.

வளர்ந்த பூனையில் ஆண் பெண் அறிவது எளிது. கடுவனுக்குத் தலை பருத்து, கன்னம் உப்பியிருக்கும். குட்டியில் இவ்வடையாளம் எதுவும் இராது. 'முகம் சாதுவாக இருக்கிறது, பெட்டைதான்' என்றும், 'எப்படித் துள்ளுகிறது பார், கடுவன்தான்' என்றும் சொல்வதெல்லாம் வெறும் ஊகமே. இன்னும் சிலர் வயிற்றைத் தடவி, காம்பு தென்பட்டதும் பெட்டை என்று தீர்ப்புக் கூறிவிடுவார்கள். கடுவனுக்கும் காம்பு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது.

பார்க்க வேண்டிய இடம் வாலின் அடி ஒன்றே. இதைப் படித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் தோழியர், தேர்வுக்காக நாம் படிக்கும் அறிவியல் பாடத்தில் இதைவிட அதிகமாகவே உள்ளது என்பதை நினைவிற் கொள்வார்களாக.

வெளிச்சமான இடத்தில் ஒரு பழந்துணியை விரித்து, குட்டியை அதன் மேல் நமக்குப் புறங்காட்டி நிற்க விடுங்கள். கைகள் சில்லென்று இருக்கக் கூடாது. வாலை விரலால் மெல்லத் தூக்குங்கள், இழுக்க வேண்டாம். வாலுக்கு நேர் கீழே தெரிவது மலவாய். இது இரு பாலுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்கும் கீழே மற்றொரு துளை இருக்கும். வேறுபாடு அங்கேதான். பெட்டைக்கு அத்துளை மலவாயை ஒட்டினாற்போல், செங்குத்தான சிறு கீற்றாக இருக்கும். கடுவனுக்கு அது சற்றுத் தள்ளி, உருண்டைப் புள்ளியாக இருக்கும்.

நம் தமிழ் இலக்கணப் பயிற்சி இங்கே கைகொடுக்கிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு புள்ளிகள், நடுவே இடைவெளி. அது முக்காற்புள்ளி போலத் தோன்றினால் கடுவன். மேலே ஒரு புள்ளி, அதை ஒட்டிக் கீழே ஒரு கோடு. வியப்புக்குறியைத் தலைகீழாக நிறுத்தியது போலத் தோன்றினால் பெட்டை. இதை என் தம்பிக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அன்று முதல் அவன் தெருவில் உள்ள குட்டிகளை எல்லாம் பிழையின்றிச் சொல்கிறான். ஆனால் கட்டுரையில் முக்காற்புள்ளியை இன்னமும் தவறான இடத்தில்தான் வைக்கிறான்.

எட்டு வாரக் குட்டியில் கடுவனின் இடைவெளி ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். பெட்டைக்கு அதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். அளவுகோல் தேவையில்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தானே தெரியும். ஒற்றைக் குட்டி என்றால்தான் ஐயம் வரும். மயிர் அடர்ந்து மறைத்தால் ஈரப் பஞ்சினால் மெல்ல ஒதுக்கிப் பார்க்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கடுவனின் இரு துளைகளுக்கும் இடையே சிறு வீக்கம் தெரியத் தொடங்கும். தொட்டால் பச்சைப்பயறு அளவில் இரண்டு உருண்டைகள் தட்டுப்படும். மூன்று வாரத்தில் பார்த்து உறுதி தோன்றாதவர்கள் எட்டாவது வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முன் அவசரப்பட்டுப் பிறரிடம் ஏதும் சொல்லாதிருப்பது நலம்.

நிறத்தைக் கொண்டு சொல்ல முடியுமா என்று கேட்கலாம். ஒரு வகையில் முடியும். இதுவே இப்பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு ஆகிய மூன்று நிறமும் கலந்த குட்டி பெரும்பாலும் பெட்டையே. பூனைக்குச் செந்நிறம் தரும் மரபுக் காரணி எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. கடுவனுக்கு ஓர் எக்ஸ், ஒரு ஒய். ஆகவே அது செந்நிறமாக இருக்கும் அல்லது கறுப்பாக இருக்கும். இரண்டும் கலந்து இராது. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் செம்மையும் மற்றொன்றில் கருமையும் அமையலாம். கருவிலேயே ஒவ்வோர் உயிரணுவும் இரண்டில் ஓர் எக்ஸை உறங்க வைத்துவிடுகிறது. எந்த அணுவில் எது விழித்திருக்கிறதோ அந்த நிறம் அவ்விடத்தில் தோன்றும். திட்டுத்திட்டான நிறம் இவ்வாறே உண்டாகிறது. எக்ஸ் குரோமோசோமின் இந்த உறக்கத்தை 1961-இல் எடுத்துரைத்தவர் மேரி லயன் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி. செந்நிறம் தோன்றக் காரணம், அந்த எக்ஸ் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதே என்பதை ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் தனித்தனியே கண்டு 2025-இல் வெளியிட்டார்கள். காலங்காலமாக நம் அடுப்படியில் படுத்திருந்த பூனையின் நிறத்துக்கு விடை கிடைக்க அத்தனை நாள் ஆகியிருக்கிறது!

மூவண்ணக் கடுவன் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒன்று, ஓர் எக்ஸ் கூடுதலாகப் பெற்றுப் பிறப்பதுண்டு. செந்நிறக் குட்டியோ பெரும்பாலும் கடுவனாக இருக்கும். ஆயினும் செந்நிறப் பெட்டையும் உண்டு. சாம்பல் வரியும், முழுக் கறுப்பும், வெள்ளையும் பாலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவற்றுக்கு முக்காற்புள்ளியே வழி.

இதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாக அறிவது எதற்கு என்று கேட்போருக்கு எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் நான்கு குட்டிகள் பிறந்தன. அவற்றில் ஒரு சாம்பல் குட்டியைக் 'கடுவன்' என்று சொல்லி வேறொரு வீட்டாருக்குக் கொடுத்தார்கள். அவர்களும் ராஜா என்று பெயரிட்டு, பாலும் மீனுமாக ஊட்டி வளர்த்தார்கள். ஐந்தாம் மாதத்தில் ராஜாவின் வயிறு பெருத்தது. பூச்சி என்று எண்ணிப் பூச்சி மருந்து வாங்கப் போனார்கள். உண்மை தெரிந்த மறுவாரம் ராஜாவைக் காணவில்லை. எங்கே என்று கேட்டதற்கு, "எங்களுக்குப் பெட்டை வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்கள். ஐந்து மாதம் மடியில் படுத்த அதே பூனைதான். அதன் குணத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு சொல் மாறியது, அவ்வளவே. பெட்டை வேண்டாம் என்ற இச்சொல் நம் நாட்டில் பூனையோடு நிற்பதில்லை என்பதையும், அதற்காக 1994-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்பதையும் நாம் அறிவோம்.

இனி வளர்க்கும் முறை. பிறந்த குட்டி ஏறத்தாழ நூறு கிராம் இருக்கும். நாள் ஒன்றுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும். பலசரக்குக் கடைத் தராசில் வாரம் ஒரு முறை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கண் திறக்க ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். விரலால் திறந்துவிடக் கூடாது. தாய் அருகில் இருக்கும்வரை நமக்கு வேலை குறைவு. 'குட்டி போட்ட பூனைபோல் அலைகிறாள்' என்று நம்மைக் கடிந்துகொள்வார்கள் அல்லவா? தாய்ப்பூனை உண்மையிலேயே இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். குட்டி தனியாகக் கிடக்கிறது என்று உடனே எடுத்து வந்துவிடாமல், சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். இரை தேடப் போன தாய் திரும்பி வரலாம்.

தாயற்ற குட்டியானால் முதலில் வேண்டுவது சூடு. பால் அதற்குப் பிறகுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்து விறைத்த குட்டியை எடுத்தவுடன் வாயில் பாலை ஊற்றுகிறோம். குளிர்ந்த வயிறு பாலைச் செரிக்காது. துடைத்து உலர்த்தி, வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடேறிய பிறகே ஊட்ட வேண்டும். பசும்பால் அதற்கு ஏற்றதன்று. பூனையின் பாலைவிடப் பசும்பாலில் புரதம் குறைவு, பால் சர்க்கரை அதிகம். பெரும்பாலும் வயிற்றுப்போக்கில் கொண்டு விடும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவு கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குவது நல்லது. ஊட்டும்போது குட்டி குப்புறப் படுத்திருக்க வேண்டும். கைக்குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்தால் பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சினால் அடிவயிற்றையும் வாலடியையும் நீவிவிட வேண்டும். மூன்று வாரம் வரை தானாகச் சிறுநீர் கழிக்க அதற்குத் தெரியாது. தாய் நக்கி விடுவதைத்தான் நாம் பஞ்சினால் செய்கிறோம்.

நான்காம் வாரத்திலிருந்து திட உணவு பழக்கலாம். தஞ்சைச் சீமை நெல் விளையும் பூமி. ஆகவே நம் வீடுகளில் பூனைக்கும் தயிர்ச்சாதம்தான். பூனை அதை உண்ணும் என்பது உண்மை. அதனால் மட்டும் வாழாது. பூனையின் உடலுக்கு டாரின் என்ற சத்து தேவை. அது மீனிலும் இறைச்சியிலும் உண்டு, சோற்றில் இல்லை. அது குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்துவிடும் என்பதை 1987-இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். எனவே நெத்திலியோ மத்தியோ, எது மலிவோ அதை வேக வைத்து, முள் நீக்கி, மசித்துக் கொடுங்கள். உப்பு, புளி, மிளகாய் வேண்டாம். டாரின் தண்ணீரில் இறங்கிவிடுமாதலால் வேக வைத்த நீரையும் சேர்த்தே ஊற்றுங்கள். பச்சை மீனை நாள்தோறும் போடலாகாது. சில மீன்களில் உள்ள ஒரு நொதி, பி1 வைட்டமினை அழித்துவிடும். வேக வைத்தால் அந்நொதி கெட்டுவிடும். மீன் மட்டுமே கொடுக்காமல் இடையிடையே கோழி ஈரலோ இறைச்சித் துண்டோ, வெந்த முட்டையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். கருவாடு கூடாது, உப்பு மிகுதி. வெங்காயம் சேர்ந்த குழம்பு ஆகவே ஆகாது. அது பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

கூடாதவை இன்னும் சில உண்டு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி மருந்தாக விற்கும் சில பொடிகளும் பூனைக்கு நஞ்சு. பலிபீடத்துக்கு வாங்கும் உண்மையான லில்லி மலரின் மகரந்தத்தை நக்கினாலும் அதன் சிறுநீரகம் கெடும். ஆதலின் கன்னியர் மடத்துப் பூனையைச் சக்கிறிஸ்து அறைக்குள் விடாதிருப்பது நல்லது. வேதாரண்யம் பக்கத்தில் பயிராகும் செங்காந்தளும் அப்படியே. அறுவடைக் காலத்தில் வயல் எலிக்கு வைக்கும் நஞ்சு எல்லாவற்றிலும் கொடிது. நஞ்சுண்ட எலியைத் தின்ற பூனையும் சாகும். மூங்கிலால் செய்த தஞ்சாவூர்க் கிட்டியை வைத்து எலி பிடிக்கும் பழைய வழக்கத்தில் இந்த ஆபத்து இல்லை.

குட்டியை மனிதருக்குப் பழக்கும் காலம் இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரைதான். இதை ஆராய்ந்து எழுதிய ஐலீன் கார்ஷ் என்பவர், அப்பருவத்தில் நாள்தோறும் நாற்பது நிமிடம் கையில் வைத்திருந்த குட்டிகள், பதினைந்து நிமிடம் வைத்திருந்தவற்றைவிட மனிதரிடம் அதிகம் ஒட்டிக்கொண்டதைக் கண்டார். படிப்பைக் கெடுத்துக்கொண்டா என்று அம்மா கேட்பார்கள். மடியில் குட்டியையும் கையில் புத்தகத்தையும் வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும். ஆனால் எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. கடிக்கும் அளவையும் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் பழக்கத்தையும் குட்டி தன் உடன்பிறப்புகளோடு விளையாடித்தான் கற்றுக்கொள்கிறது.

மலங்கழிக்க ஒரு பழைய தாம்பாளத்தில் மணல் போதும். நமக்கா மணலுக்குப் பஞ்சம்? நாள்தோறும் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். கருவுற்ற தாய்மார் மட்டும் அவ்வேலையைச் செய்யக் கூடாது. பூச்சி மருந்து, எட்டாவது வாரம் முதல் தடுப்பூசிகள், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவற்றை அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டறியலாம். பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன மாற்றுக்கு வருகிறேன். பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே பருவமடையக் கூடும். சினைக்காலம் ஒன்பது வாரம். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி என்று கணக்கிட்டால் ஒரு வீட்டால் தாங்க இயலாதுதான். நான்கு ஐந்து மாதத்தில் கருத்தடை அறுவை செய்துவிட்டால் இக்கவலை அன்றோடு தீர்ந்தது. கடுவனுக்கும் செய்யலாம். செய்தால் ஊர் சுற்றுவதும், சண்டையிட்டுக் காது கிழிந்து வருவதும், சுவரெல்லாம் சிறுநீர் பீச்சுவதும் பெரிதும் குறையும். இந்த அறுவையை உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் செய்யும் வசதி இல்லையென்றால், தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். மூடிபோட்ட கூடையில் துணி விரித்து எடுத்துச் சென்றால் பேருந்தில் யாருக்கும் தொல்லை இராது. அறுவைக்குப் பின் பத்து நாள் தையலை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பரண்மேல் தாவவும் விடக் கூடாது.

குட்டியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு சீட்டும் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் போதும். சென்ற மாதம் கொடுத்த குட்டிக்கு எங்கள் அப்பாயி சொல்லச் சொல்ல நான் எழுதியது இது.

"சாம்பல் வரி, வெள்ளைக் கால். பெட்டை, இரண்டு முறை பார்த்தாயிற்று. வயது எட்டு வாரம் முடிந்தது. வேக வைத்த மத்தி தின்னும், பால் வேண்டாம். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. ஐந்தாம் மாதம் பிறக்கும் முன் அறுவைக்குக் கொண்டு போகவும். கொண்டு போக ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்பவும், நாங்கள் வருகிறோம்."